பாய்க்கோரை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கோரை வயலிலோ, கோரை மண்டிய ஏரிக்கரையிலோ ஏதோ சரியில்லை என்று தோன்றினால் மருந்துக் கடைக்குப் போகுமுன் மண்வெட்டியைக் கையில் எடுங்கள். தண்டில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை கிழங்கில் தொடங்கியவை. கிழங்கில் தொடங்கியவற்றில் பெரும்பாலானவை தண்ணீரால் வந்தவை. அதனால் எந்த அறிகுறிக்கும் ஒரே வரிசைதான்: தண்டைப் பார்க்க வேண்டும், கிழங்கைத் தோண்ட வேண்டும், தண்ணீர் எப்போது ஏறியது எப்போது இறங்கியது என்று விசாரிக்க வேண்டும்.

இங்கே பேசுவது பாய் முடையும் கோரையைப் பற்றி. தாவரவியலில் சைபெரஸ் பங்கோரை. டென்மார்க் தாவரவியலாளர் ராட்போல் 1773-இல் அச்சிட்ட பெயர் இது; பெயருக்குள்ளேயே நம் கோரை ஒலிக்கிறது. பழைய கட்டுரைகளில் சைபெரஸ் டெஜெட்டம், சைபெரஸ் கோரிம்போசஸ் என்ற பெயர்களிலும் இதைக் குறித்திருப்பார்கள், குழம்ப வேண்டாம். காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் இதை வயலில் நட்டுப் பயிராகவே செய்கிறார்கள். தாமிரபரணிப் பக்கம் பத்தமடைப் பாய்க்கும், கேரளத்தில் கிள்ளிமங்கலம் பாய்க்கும், வங்காளத்தில் மேதினிப்பூர்ப் பக்கத்து மாதூர் பாய்க்கும் இதுவே மூலப்பொருள். தானாக வளரும் இடங்கள் ஆற்றோரத் தாழ்வுகள், வாய்க்கால் ஓரங்கள், ஏரியின் உள்வாயில் நீர் ஏறி இறங்கும் பட்டை ஆகியவை.

அந்த "ஏறி இறங்கும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கோரை ஈரநிலச் செடி. தாமரை, அல்லி போல ஆழ்நீரில் வாழும் செடி இல்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது. தண்டுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் வழியாகத்தான் மேலிருந்து பிராணவாயு கிழங்குக்கும் வேருக்கும் இறங்குகிறது. தண்டின் ஒரு பகுதியாவது தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை கிழங்கு மூச்சு விடும். கீழே வரும் பல பிழைகளுக்கு விளக்கம் இந்த ஒன்றுதான்.

அது பாய்க்கோரைதானா?

நோய் என்று கொண்டுவரப்படும் பல கட்டுகளில் வேறு செடி இருக்கிறது. சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டுங்கள். கோரைத் தண்டு மழுங்கிய மூன்று முனையோடு இருக்கும், சீராக உருளாது. வெட்டினால் உள்ளே வெண்ணிறச் சோறு (பஞ்சு போன்ற உட்பகுதி) நிறைந்திருக்கும், கணு ஒன்றுகூட இருக்காது. கணு இருந்தால் அது நாணலோ வேறு புல்லோ. பாய்க்கோரையில் இலை என்று சொல்லத்தக்கது குறைவு. அடியில் தண்டைச் சுற்றிய உறைகளாகவே நின்றுவிடும். ஆள் மார்பளவுக்கோ அதற்கு மேலோ வளர்ந்து, உச்சியில் குடைக்கம்பி விரித்தாற்போல் மெல்லிய செம்பழுப்புக் கதிர்கள் வரும்.

அடியிலிருந்து புல் போன்ற இலைகள் நிறைய வந்து, செடி முழங்காலுக்குக் கீழேயே நின்று, தோண்டினால் மணி கோத்தாற்போல் கருப்பு உருண்டைக் கிழங்குகள் கிடைத்தால் அது முத்தக்காசுக் கோரை. மேட்டுத் தோட்டங்களில் களையாக வருவது. எவ்வளவு உரம் போட்டாலும் அது பாய்க்கு வளராது. கிழங்கே இல்லாமல் நார்வேர் மட்டும் இருந்தால் நெல் வயலில் வரும் ஓராண்டுக் கோரைகளில் ஒன்று. விதை முதிர்ந்ததும் அது தானாகச் சாவதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். தட்டையான நீள இலையும் பழுப்பு உருளைக் கதிரும் இருந்தால் சம்பு. ஆனைக்கோரை என்று சொன்னாலும் அது கோரைக் குடும்பமே இல்லை.

தோண்டிப் பார்க்கும் முறை

நல்ல குத்து (ஒரே இடத்தில் கிளைத்த தண்டுக் கூட்டம்) ஒன்று, கெட்ட குத்து ஒன்று, இரண்டுக்கும் நடுவில் எல்லையில் உள்ள குத்து ஒன்று என மூன்றைத் தோண்டுங்கள். கெட்டதை மட்டும் தோண்டினால் எதோடு ஒப்பிடுவது? ஒரு சாண் ஆழம், ஒரு சாண் அகலம் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். கத்தியால் கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள்.

உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே தண்டு முழுதும் காய்ந்திருந்தாலும் அது திரும்ப வரும். பழுப்பாகிப் பஞ்சு போல் அமுங்கினால் செத்துவிட்டது. வேரைப் பாருங்கள்: வெள்ளை, அல்லது துருவேறிய ஆரஞ்சு நிறம் இரண்டும் நல்லவை. ஆரஞ்சு நிறத்தைக் கண்டு நோய் என்று பயப்படுபவர்கள் உண்டு. வேரிலிருந்து கசியும் பிராணவாயு சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கி ஒட்டவைக்கிறது. வேர் மூச்சுவிடுவதற்கு அதுவே சாட்சி. வேர் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால்தான் ஆபத்து. சேற்றில் காற்று முற்றிலும் தீர்ந்து சல்பைடு உருவாகிவிட்டது என்று பொருள்.

இனி அறிகுறிகள்.

நட்ட கோரை மிதந்து வருகிறது, அல்லது துளிர்க்கவே இல்லை

மிதந்தால் காரணம் தெளிவு: வேர் பிடிக்கும் முன்பே தண்ணீர் ஏறிவிட்டது. ஏரிக்கரையில் ஐப்பசி மழையை நம்பி முன்னதாக நடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். வடகிழக்குப் பருவமழையில் நிறையும் ஏரிகளில் நடுவதற்குத் தை, மாசி தோதானது. தண்ணீர் வற்றி விலகும்போது, விலகிய கோட்டின் ஈரச் சேற்றில் நட்டுக்கொண்டே உள்ளே இறங்கலாம். அடுத்த மழைக்குள் எட்டு மாதம் கிடைக்கிறது. கிழங்கு ஓடிப் பிடித்துவிடும். கோடையில் அந்தப் பட்டை வெடிப்பு விடும் அளவு காய்ந்தால் வாரம் ஒருமுறையாவது தண்ணீர் காட்ட வழி இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆடிக்குப் பின் நட்டு, குத்துக்கு ஒரு மூங்கில் முளை அடித்துக் கட்டிவிடுங்கள். காவிரிக் கால்வாய்ப் பாசனத்தில் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமான கணக்கு. வாய்க்காலை மட்டும் நம்பி நடுபவர்கள் தண்ணீர் வந்த முதல் மாதத்திலேயே நட்டுவிட வேண்டும். மார்கழியில் நட்டால் வேர் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டிருக்கும்.

மிதக்காமல் அப்படியே கருகினால் நட்ட பொருளைப் பாருங்கள். சரியான நாற்று என்பது 5 முதல் 8 செ.மீ. நீளக் கிழங்குத் துண்டு, அதில் இரண்டு மூன்று தண்டுகள், ஊசி போன்ற வெள்ளைக் குருத்து ஒன்றாவது. தண்டை 25 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும். முழுத்தண்டோடு நட்டால் வேரில்லாத செடி வெயிலுக்கு ஈடுகொடுக்காது; காற்று ஆட்டி ஆட்டிக் கிழங்கைப் பெயர்க்கும். அடியோடு வெட்டி நட்டால் சேற்றுக்குள் மூச்சுக்குழல் இல்லை. 25 செ.மீ. இரண்டுக்கும் நடுவான அளவு. கிழங்கு 4, 5 செ.மீ. ஆழத்தில் படுக்கையாக இருக்கட்டும். ஒரு சாண் ஆழத்தில் புதைத்தால் குருத்து மேலே வந்து சேர்வதற்குள் இருப்பு தீர்ந்துவிடும்.

பெயர்த்த கிழங்கு வெயிலில் அரை நாள் கிடந்தாலே குருத்து சுருங்கும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து மறுநாளுக்குள் நட்டுவிடுங்கள். வயலில் ஒரு சாண் இடைவெளி. கரையைப் பிடித்து நிறுத்த நடுவதானால் ஒரு சதுர மீட்டருக்கு 9 குத்து போதும், மீதியைக் கிழங்கே ஓடி நிரப்பும். முதல் இரண்டு வாரம் நிலம் சொதசொதவென்று இருந்தால் போதும். அதன் பிறகே 5 செ.மீ. தண்ணீர் கட்டலாம்.

அறுத்த பிறகு திரும்ப முளைக்கவில்லை

நன்றாக இருந்த வயல், அறுப்பு முடிந்த மூன்று வாரத்தில் திட்டுத் திட்டாக வெறுமையாகிறது. இதைக் கிழங்கு அழுகல் நோய் என்று சொல்லிப் பூசணக்கொல்லி ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் அது நோயே இல்லை, மூச்சுத் திணறல்.

நடந்தது இதுதான்: வயலில் நாலு விரல் தண்ணீர் நிற்கும்போதே அடியோடு அறுத்தார்கள், அல்லது வறண்ட வயலில் தரையோடு அறுத்த மறுநாளே தண்ணீர் கட்டினார்கள், அல்லது அறுத்த வாரத்திலேயே பெருமழை பெய்து வடியவில்லை. எப்படியானாலும் வெட்டு முனை தண்ணீருக்கடியில் போய்விட்டது. குழலின் வாயை அடைத்தாற்போல் கிழங்குக்குப் போகும் காற்று நின்றது. வெயில் காலத்தில் சேறு சூடாக இருக்கும். கிழங்கின் மூச்சுத் தேவையும் கூடும். ஒரு வாரத்துக்கு மேல் இப்படி மூழ்கிக் கிடந்தால் குருத்து முனைகள் முதலில் கருகும், பிறகு கிழங்கே குழையும். திட்டுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தால் உறுதியாகும்: வயலின் பள்ளங்களில் வெறுமை, மேட்டில் பசுமை. நோயென்றால் இவ்வளவு தெளிவாக மேடு பள்ளம் பிரிவது குறைவு.

இப்போது செய்ய வேண்டியது: வடிகாலைத் திறந்து தண்ணீரை முழுக்க இறக்குங்கள். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை, அதாவது மண்ணுக்கேற்ப நான்கிலிருந்து ஏழு நாள், காய விடுங்கள். கிழங்கை வெட்டிப் பாருங்கள். வெள்ளை இருக்கும் இடங்களில் பத்துப் பதினைந்து நாளில் ஊசிக்குருத்து வரும். வராத இடங்களுக்கு மேட்டுப் பகுதியிலிருந்து கிழங்கு பெயர்த்து நிரப்புங்கள். இந்த நாள்களில் யூரியா கூடவே கூடாது. செத்த கிழங்கை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் அதனால் பெருகி, மிச்சமிருக்கும் காற்றையும் தின்றுவிடும்.

இனிமேல் வராதிருக்க: அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தண்டின் அடியில் நான்கு விரல் உயரக் கட்டை விட்டு அறுங்கள். பாய்க்கு நீளம் போய்விடுமே என்று வெட்டுக்காரர் தரையோடு அரிவாளை விடுவார். அந்த அடிப்பகுதி உறை மூடிய, வெளுத்த, நெசவுக்கு உதவாத பகுதி, விடுவதில் நட்டமில்லை. புதுக்குருத்து ஒரு சாண் வந்த பிறகே தண்ணீர் கட்டுங்கள். அதுவரை தேவைப்பட்டால் ஈரம் காட்டி வடித்துவிடலாம்.

அறுத்த கட்டையைக் கொளுத்துவதும் சில இடங்களில் உண்டு. மண் ஈரமாக இருந்தால் கிழங்கு தப்பும். காய்ந்து வெடித்த மண்ணில் தீ வைத்தால் மேலாகக் கிடக்கும் குருத்தெல்லாம் கருகும். செய்யாமல் விடுவதே நல்லது.

தண்டு மஞ்சளாகிறது

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

நுனியிலிருந்து கீழே வந்தால், பூங்கொத்தும் பழுப்பாகியிருந்தால், அது வயது. அறுப்புத் தள்ளிப்போய்விட்டது, உடனே அறுங்கள். முதல் அறுப்புக்கு ஏறத்தாழ ஓராண்டும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் என்பது நடைமுறைக் கணக்கு. கணக்கைவிடப் பூங்கொத்தை நம்புங்கள்: கொத்து விரிந்து பச்சை மாறும் முன் அறுத்த தண்டுதான் வளையும், பிளக்கும். முற்றியது பிளக்கும்போது முறியும்.

வயல் முழுதும் ஒரே சீராக வெளிர்ந்து, வேர் வெள்ளையாகவே இருந்தால் தழைச்சத்துப் பசி. அறுப்புதோறும் வண்டி வண்டியாகத் தண்டை வெளியேற்றுகிறோம். மண்ணுக்குத் திரும்புவது ஒன்றுமில்லை. அறுத்துக் குருத்து ஒரு சாண் வந்ததும் ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ யூரியா, ஒரு மாதம் கழித்து அதே அளவு. தண்ணீரை வடித்து ஈர மண்ணில் தூவி, மறுநாள் கட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மக்கிய தொழுவுரம் போடும் வயலில் இதைப் பாதியாகக் குறைக்கலாம்.

அடியிலிருந்து மஞ்சளாகி, வேர் கருத்து நாறினால் மேலே சொன்ன மூச்சுத் திணறல்தான், வடிப்பதே மருந்து. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல் மினுமினுப்பு தெரிந்தால் ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பை உண்ணும் நுண்ணுயிர்ப் படலம், சேற்றில் காற்றில்லை என்பதற்கு அடையாளம். உடனே ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் உண்மையான எண்ணெய். மேல்மடையில் மோட்டார் கசிகிறதா, பட்டறைக் கழிவு கலக்கிறதா என்று தேடுங்கள்.

நுனி மட்டும் கருகி, மண்ணில் வெள்ளைப் பூப்பு இருந்தால் உப்பு. மண் பரிசோதனையில் களர் (சோடியம் ஏறிய மண்) என்று வந்தால் பரிந்துரைத்த அளவு ஜிப்சம். வெறும் உப்பு என்றால் நல்ல தண்ணீர் கட்டி வடிப்பதை இரண்டு மூன்று முறை செய்வது. ஜிப்சம் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. வடிகால் இல்லாத நிலத்தில் எதைப் போட்டும் பயனில்லை.

இன்னொரு மஞ்சள் இருக்கிறது, அதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். வயலின் ஒரு வரப்போரமாக, அல்லது மடைவாயிலிருந்து விசிறி போல விரிந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் பரவுகிறது. புதுக்குருத்து நின்றுவிடுகிறது, சில தண்டு முறுக்கிக்கொள்கிறது. பக்கத்தில் நெல்லோ கரும்போ இருக்கிறதா? அங்கே களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். நெல்லுக்கு அடிக்கும் 2,4-டி, பிஸ்பைரிபாக் சோடியம், பைரசோசல்பியூரான், எத்தாக்சிசல்பியூரான் எல்லாமே கோரைக் களையையும் கொல்லும் மருந்துகள். கரும்பில் முத்தக்காசுக் கோரைக்கென்றே ஹாலோசல்பியூரான் விற்கிறார்கள். அந்த மருந்துக்கு உங்கள் பாய்க்கோரையும் களைக்கோரையும் ஒன்றுதான். 2,4-டி காற்றில் வரும், முறுக்கும் சுருளும் சில நாளிலேயே தெரியும். சல்பியூரான் வகை தண்ணீரோடு வரும், மெதுவாக வளர்ச்சியை நிறுத்தும். மூன்று வாரம் வரை காரணம் புரியாது.

பட்ட பிறகு முறிமருந்து கிடையாது. மடையை அடைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, ஆற்றுத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ புதிதாகக் கட்டி மறுபடி வடியுங்கள். வடிக்கும் தண்ணீர் அடுத்த கோரை வயலுக்குப் போகாமல் பாருங்கள். பாதித்த தண்டை நான்கு விரல் கட்டை விட்டு அறுத்துவிட்டு, கிழங்கு வெள்ளையாக இருந்தால் இரண்டு மாதம் பொறுங்கள். பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதே உண்மையான தடுப்பு: மருந்தடிக்கும் நாளைச் சொல்லச் சொல்லுங்கள், அன்றிலிருந்து ஒரு வாரம் பொதுமடையை மூடிவையுங்கள், காற்று உங்கள் பக்கம் வீசும்போது அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேய்த்தால் விரலில் செம்மஞ்சள் தூள் ஒட்டினால் அது துருநோய். நெருக்கமான, காற்றோட்டமில்லாத பழைய குத்துகளில் பனிக்காலத்தில் வரும். அறுத்து வெளியேற்றினால் அடுத்த தழைப்பு சுத்தமாக வரும்.

குட்டையாக, மெலிந்து நிற்கிறது

நிழலா, நெருக்கமா, தண்ணீர்க் குறைவா? தென்னை நிழலில் தண்டு நீளும், ஆனால் மெலியும், சோறு குறைந்து காயும்போது நூலாகிவிடும். வெயில் இருந்தும் குட்டை என்றால் குத்தைத் தோண்டுங்கள். கிழங்கின் மேல் கிழங்கு ஏறி மெத்தை போல் நெருங்கியிருந்தால் வயதான வயல். ஒருமுறை நட்டால் பல ஆண்டு வரும் பயிர்தான். ஆனால் நடுவில் கிழங்கைக் கலைத்துக்கொடுக்க வேண்டும். அறுத்ததும் ஒரு அடி விட்டு ஒரு அடி பட்டையாக மண்வெட்டியால் பெயர்த்தெடுத்து, பள்ளத்தில் தொழுவுரமும் வண்டலும் போட்டு நிரப்புங்கள். விட்ட பட்டையிலிருந்து கிழங்கு புதுமண்ணுக்கு ஓடிவரும். அடுத்த ஆண்டு மற்றப் பட்டை. பெயர்த்த கிழங்கு நாற்றாக விலை போகும்.

தண்ணீர்க் குறைவு என்றால் விசாரணை வயலோடு முடியாது. ஆற்றில் மணல் அள்ளிப் படுகை இறங்கினால் கரையோர நிலத்தடி நீரும் கூடவே இறங்கும். முன்பு ஆற்று ஊற்றிலேயே ஈரமாகக் கிடந்த கோரைப் பட்டை இப்போது மோட்டார் இல்லாமல் நிற்காது. அந்தப் பட்டைகள் போனதை நினைக்கும்போது மனம் வலிக்கிறது. பாய்க்காரர்கள் மட்டுமல்ல, கரை மண்ணே அதனால்தான் நின்றது. அத்தகைய இடத்தில் கோரையைப் பழைய உயரத்தில் திரும்ப நட்டால் பிழைக்காது. இன்றைய ஈரக்கோடு எங்கே இருக்கிறதோ அங்கே இறக்கி நடுங்கள்.

காற்றடித்தால் படுத்துவிடுகிறது

யூரியா ஒரே தடவையில் போட்டதா என்று முதலில் கேளுங்கள். கரும்பச்சையாக, நசுக்கினால் தண்ணீர் கசியும் தண்டு சாயத்தான் செய்யும். காய்ந்தபின் எடையும் நிற்காது. பிரித்துப் போடுங்கள், இரண்டாம் தவணையோடு ஏக்கருக்கு 15 முதல் 20 கிலோ பொட்டாஷ் சேருங்கள். சாய்ந்ததை நிமிர்த்திக் கட்ட முயல வேண்டாம். மழைக்கு முன் அறுத்துவிட்டால் பாதி நீளமாவது தேறும். தண்ணீரில் கிடந்தால் இரண்டு நாளில் கறை ஏறிவிடும்.

நடுக்குருத்து மட்டும் காய்கிறது, அல்லது தண்டு வெட்டுப்பட்டுக் கிடக்கிறது

காய்ந்த குருத்தை இழுங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்து, அடியில் துளையும் தூள் எச்சமும் இருந்தால் குடையும் புழு. பாதித்த தண்டுகளை அடியோடு பிடுங்கி எரிப்பதும், அறுப்புக்குப் பின் கட்டைக் குப்பையை அகற்றுவதும் போதுமானது. ஈரநிலத்தில் பூச்சி மருந்து அடித்தால் தவளையும் தட்டானும் முதலில் சாகும். புழு அடுத்த பட்டத்தில் திரும்ப வரும்.

சாய்வாகக் கத்தியால் வெட்டியது போல் தண்டு கிடந்தால் எலி அல்லது பெருச்சாளி. வரப்பில் வளையைத் தேடுங்கள். அடித்தண்டின் வெண்மையான பகுதி மட்டும் மென்று துப்பிக் கிடந்தால் நீலத் தாழைக்கோழி. அது தின்பது நாற்றுப் பருவத்தில் மட்டுமே உறைக்கும். முதல் இரண்டு மாதம் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். கோரைக்குள் அது கூடு கட்டுவதே அந்த இடம் நல்ல நிலையில் இருப்பதற்கு அடையாளம். மண்ணே கிளறிக் கிடந்தால் பன்றி. எருமை மேய்ந்தால் நுனி போகும், அது பரவாயில்லை. மிதித்துக் கிழங்கைச் சேற்றில் அமுக்குவதுதான் கேடு.

ஏரிக்கரையில் கோரை சுருங்கிச் சம்பு கூடுகிறது

இது கரையைக் காக்கக் கோரை நட்டவர்கள் கேட்கும் கேள்வி. சம்பு கூடுகிறது என்றால் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும்: தண்ணீர் ஆண்டு முழுதும் ஒரே மட்டத்தில் நிற்கிறது, சாக்கடை உரமேற்றுகிறது. கலிங்கை உயர்த்தி, மதகை மூடி, ஏரியை எப்போதும் ததும்ப வைத்தால் கோரைக்கு உரிய ஏறியிறங்கும் பட்டையே இல்லாமல் போகிறது. கோடையில் நீர் இறங்க விட்டால் கோரை தானாகக் கொஞ்சம் மீளும்.

சம்பை ஒடுக்க, கோரையைக் கொன்ற அதே பிழையைக் கருவியாக்கலாம். கோரை இல்லாத, சம்பு மட்டுமே நிற்கும் ஆழப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுங்கள். பழைய காய்ந்த தண்டையும் விடாமல் அறுங்கள், அதன் வழியாகவும் காற்று இறங்கும். திரும்ப முளைத்து மேலே எட்டுவதற்குள் மறுபடி அறுங்கள். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை செய்தால் கிழங்கு சாகும். தண்ணீருக்கு மேலே அறுத்தால் சம்பு அடர்ந்து வரும், உழைப்பு வீண்.

நெய்வேலிக் காட்டாமணக்கு கரையோரத்தில் ஏறியிருந்தால் வேரோடு பிடுங்கி மேட்டில் காயப்போடுங்கள். வெட்டிப் போட்ட துண்டு ஒவ்வொன்றும் ஈரத்தில் வேர்விடும். ஆகாயத்தாமரைப் படலம் காற்றில் வந்து இளங்கோரையை அமுக்கினால் கரைக்கு இரண்டு மீட்டர் தள்ளி மூங்கில் மிதவை கட்டித் தடுக்கலாம்.

காய்ந்த கோரை கருக்கிறது, நொறுங்குகிறது, சாயம் ஏறவில்லை

கரும்புள்ளி தெரிந்தால் அது பூசணம். அறுத்த அன்றே பிளந்து மணல்மேல் மெல்லிசாக விரிக்க வேண்டும். முழுத்தண்டாகக் குவித்தால் சோற்றில் உள்ள ஈரம் உள்ளேயே வெந்துவிடும். நான்கைந்து நாள் நல்ல வெயில் தேவை. மாலையில் பனி விழும் முன் அள்ளிக் கட்டி மூடுங்கள். காய்ந்ததா என்று அறிய நடுவில் ஒரு தண்டை எடுத்து முடிச்சுப் போடுங்கள். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். சரியாகக் காய்ந்தது இலேசாகச் சலசலக்கும், பொன்னிறம் வந்திருக்கும். பச்சை மாறவில்லை என்றால் நிழலில் காய்ந்திருக்கிறது. கட்டுகளைத் தரையில் அடுக்காமல் பலகைமேல் வையுங்கள்.

நெய்யும்போது முறிந்தால் இரண்டு காரணம். முற்றிய தண்டு என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை, முரட்டுப் பாய்க்கு ஒதுக்குங்கள். அதிகமாகக் காய்ந்தது என்றால் நெய்யுமுன் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றிவைத்தால் வளையும். மெல்லிய பத்தமடைப் பாய்க்குக் கோரையைச் சில நாள் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பவைத்து, மறுபடி காயவைத்துத்தான் மெலிதாக வகிர்வார்கள். தேங்கிய குட்டையில் ஊறப்போட்டால் நாற்றமும் சாம்பல் நிறமும் ஏறும், ஓட்டம் முக்கியம்.

பதிமுகக் கட்டைச் சாயம் சிவப்பாக வராமல் கருநீலம் பாய்ந்தால் பாத்திரத்தைப் பாருங்கள். இரும்புச் சட்டியோ இரும்புச்சத்துள்ள போர்வெல் தண்ணீரோ சிவப்பைக் கருக்கும். மஞ்சளாகவே நின்றால் புளிப்பு கலந்திருக்கிறது. மண்பானையோ துருப்பிடிக்காத எவர்சில்வரோ, மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ எடுத்து, கோரையைப் படிகாரத் தண்ணீரில் முன்னதாக ஊறவைத்துப் பிறகு சாயத்தில் போடுங்கள். திட்டாக ஏறினால் கட்டு இறுக்கமாக இருந்திருக்கிறது. நடுவிலுள்ள முடிச்சை அவிழ்த்து, சாயம் புகும்படி தளர்த்திப் போட்டு, கொதி வந்ததும் இரண்டு முறை புரட்டிவிடுங்கள்.